பண்டிகைக் கால நிகழ்பட ஆட்டங்கள்

பண்டிகைக் கால நிகழ்பட ஆட்டங்கள் எனப்படுபவை கிறிஸ்துமஸ் (நத்தார்), ஹாலோவீன், சந்திரப் புத்தாண்டு போன்ற பண்டிகைகளைக் கருப்பொருளாகவோ கதைக்களமாகவோ குறிப்பிட்ட நாட்களில் மட்டும் தோன்றும் சிறப்பு நிகழ்வாகவோ கொண்டுள்ள கணினி, தொலைக்காட்சி, கைபேசி ஆட்டங்கள் ஆகும். இவற்றில் தனி ஆட்டங்களாக வெளிவந்தவை குறைவு. ஏற்கனவே புகழ் பெற்ற ஓர் ஆட்டத் தொடரின் சிறு பதிப்பாகவோ இணைப்பாகவோ வெளிவந்தவையே பெரும்பாலானவை. ஆண்டுக்கு ஒரு முறை, பழகிய கதைமாந்தர்களைப் பண்டிகை உடையில் மீண்டும் காண்பது இத்தொடர்களின் இரசிகர்களிடையே ஒரு வழக்கமாகவே நிலைபெற்றுள்ளது.

அமெரிக்கா, ஐரோப்பா, சப்பான் ஆகிய மூன்று பகுதிகளிலேயே நிகழ்பட ஆட்டத் தொழில் வளர்ந்தமையால் அந்நாடுகளில் கொண்டாடப்படும் பண்டிகைகளே ஆட்டங்களில் மிகுதியாக இடம்பெற்றுள்ளன.

வகைப்பாடு

இவ்வாட்டங்களை மூன்று விதமாகப் பார்க்கலாம். முதலாவது, பண்டிகைக்கென்றே உருவாக்கப்பட்ட ஆட்டம் அல்லது பதிப்பு. இரண்டாவது, கதை மட்டும் பண்டிகை நாளில் நிகழும் ஆட்டம். மூன்றாவது, ஆண்டு முழுதும் விளையாடக்கூடிய ஓர் ஆட்டத்தில் நாட்காட்டியைப் பின்பற்றித் தோன்றி மறையும் விழா. இப்பிரிவுகளுக்கு இடையே உறுதியான எல்லைக்கோடு கிடையாது. பனி பொழியும் ஒரு கட்டம் இருப்பதாலேயே ஓர் ஆட்டத்தைக் கிறிஸ்துமஸ் ஆட்டம் என்று இரசிகர்கள் அழைப்பதும் உண்டு. அது சற்று மிகையானது என்பதால் இக்கட்டுரையில் அத்தகையவை சேர்க்கப்படவில்லை.

பண்டிகை விற்பனைக் காலம்

பண்டிகைகள் ஆட்டங்களுக்குள் நுழைவதற்கு முன்பே ஆட்டங்களின் விற்பனையைத் தீர்மானிக்கத் தொடங்கிவிட்டன. அமெரிக்காவில் நவம்பர் இறுதியில் வரும் நன்றி நவிலல் நாள் முதல் கிறிஸ்துமஸ் வரையிலான வாரங்களே விளையாட்டுப் பொருள் வணிகத்தின் உச்சக் காலம் ஆகும். அதற்குள் கடைக்கு வராத ஆட்டம் ஓராண்டை இழந்ததாகவே கருதப்பட்டது.

இந்தக் கெடுவினால் விளைந்த பாதிப்புக்கு மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு, அடாரி நிறுவனம் 1982 ஆம் ஆண்டு வெளியிட்ட ஈ.டி. என்னும் ஆட்டம். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் அதே பெயர் கொண்ட திரைப்படத்தைத் தழுவிய இவ்வாட்டத்திற்கான உரிமப் பேச்சு அவ்வாண்டு சூலை இறுதியில்தான் முடிவுற்றது. கிறிஸ்துமசுக்குக் கடைகளை எட்ட வேண்டுமாயின் செப்டம்பர் தொடக்கத்தில் நிரல் தயாராகியிருக்க வேண்டும். எனவே ஹோவர்ட் ஸ்காட் வார்சா என்னும் நிரலாளர் ஏறத்தாழ ஐந்து வாரங்களில் முழு ஆட்டத்தையும் எழுதி முடித்தார். வழமையாக அடாரி 2600 ஆட்டம் ஒன்றிற்குப் பல மாதங்கள் தேவைப்பட்டன. தொடக்கத்தில் நன்கு விற்பனையான போதிலும், குழிக்குள் மீண்டும் மீண்டும் விழுந்து கொண்டிருக்க வேண்டிய ஆட்டமுறை வாங்கியவர்களைச் சலிப்படையச் செய்தது. விற்காமலும் திரும்பியும் வந்த பேழைகள் குவிந்தன. 1983 செப்டம்பரில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ நகரக் குப்பை நிலத்தில் அடாரி தனது இருப்பின் ஒரு பகுதியைப் புதைத்தது. நெடுங்காலம் வெறும் கட்டுக்கதை என்று பலர் எண்ணியிருந்த இச்செய்தி, 2014 ஏப்ரலில் அவ்விடம் தோண்டப்பட்டுப் பேழைகள் வெளியே எடுக்கப்பட்ட பின் உறுதியானது. அங்கே ஈ.டி. மட்டுமன்றி வேறு பல ஆட்டங்களின் பேழைகளும் கிடைத்தன.

1983 இல் ஏற்பட்ட வட அமெரிக்க நிகழ்பட ஆட்டத் தொழிலின் வீழ்ச்சிக்கு இந்த ஒரே ஆட்டத்தைக் காரணமாகக் கூறுவது தவறு. தரமற்ற ஆட்டங்களின் பெருக்கம், மலிவான வீட்டுக் கணினிகளின் வருகை எனப் பல காரணங்கள் உண்டு. ஐந்து வாரத்தில் இயங்கும் நிரல் ஒன்றை எழுதி முடித்ததே ஒரு சாதனை என்பதை நிரலெழுதிப் பழகியவர்கள் ஒப்புக்கொள்வர்.

வீழ்ச்சிக்குப் பின் மீண்டெழுந்ததும் ஒரு பண்டிகைக் காலத்தில்தான். நின்டெண்டோ நிறுவனம் தனது என்.ஈ.எஸ். ஆட்டக் கருவியை 1985 அக்டோபரில் நியூயார்க் பகுதியில் மட்டும் சோதனை முறையில் விற்பனைக்கு விட்டது. நிகழ்பட ஆட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே தயங்கிய கடைக்காரர்களிடம், விற்காத சரக்கைத் தாமே திரும்பப் பெற்றுக்கொள்வதாக அந்நிறுவனம் உறுதியளித்தது. ஆட்டக் கருவியுடன் ராப் என்ற சிறு பொம்மை இயந்திர மனிதனும் சேர்த்து விற்கப்பட்டது. கிறிஸ்துமசுக்குப் பொம்மை வாங்க வருவோரின் கண்ணில் பட வேண்டும் என்பதே அதன் முதன்மை நோக்கம் எனலாம். ஆட்டத்திற்கு அதனால் பெரிய பயன் இருக்கவில்லை.

பரிசாக வந்த சிறு பதிப்புகள்

1990களின் தொடக்கத்தில் ஆட்ட நிறுவனங்கள் தமது புகழ் பெற்ற ஆட்டங்களுக்குப் பண்டிகைப் பதிப்புகளை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ வழங்கத் தொடங்கின. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இயங்கிய டி.எம்.ஏ. டிசைன் உருவாக்கி, லிவர்பூலின் சைக்னோசிஸ் வெளியிட்ட லெம்மிங்ஸ் (1991) இதற்கு முன்னோடி. பச்சை முடியும் நீல உடையும் கொண்ட சிறு உயிரிகள் வரிசையாக நடந்து ஆபத்தை நோக்கிச் செல்லும். அவற்றுக்குத் தோண்டுதல், படி கட்டுதல், தடுத்து நிற்றல் போன்ற வேலைகளைக் கொடுத்து வீடு சேர்ப்பதே ஆட்டம். அதே ஆண்டு இறுதியில் வந்த கிறிஸ்துமஸ் லெம்மிங்ஸில் அவ்வுயிரிகள் சிவப்பு நிறக் கிறிஸ்துமஸ் தாத்தா உடை அணிந்து பனியில் நடந்தன. அதில் இருந்தவை நான்கே கட்டங்கள். வரவேற்பு மிகுந்ததால் 1993, 1994 ஆம் ஆண்டுகளில் விலைக்கு விற்கப்படும் முழுப் பதிப்புகளாகவே அவை வெளிவந்தன.

அமெரிக்காவில் எபிக் மெகாகேம்ஸ் நிறுவனம், தனது ஜாஸ் ஜாக்ராபிட் (1994) என்னும் முயல் ஆட்டத்திற்கு அதே ஆண்டு ஹாலிடே ஹேர் என்ற பண்டிகைப் பதிப்பை வெளியிட்டது. நெகிழ்தட்டு மூலமும் தொலைபேசி இணைப்பு மூலமும் கைமாறிய பகிர்மென்பொருள் காலம் அது. நண்பருக்கு நண்பர் படியெடுத்துக் கொடுப்பதையே விளம்பரமாகக் கொண்ட நிறுவனங்களுக்கு, வாழ்த்து அட்டை போல் கைமாறும் பண்டிகைப் பதிப்பு மிகவும் பொருந்தி வந்தது. 1990களின் இறுதியில் மின்னஞ்சல் வழியே பரவிய எல்ஃப் பௌலிங் என்ற எளிய ஆட்டமும் இவ்வகையே. கிறிஸ்துமஸ் தாத்தா தன் குள்ள உதவியாளர்களைப் பந்தெறிந்து வீழ்த்தும் அந்த ஆட்டத்தில் நச்சுநிரல் இருப்பதாகப் பொய்யான எச்சரிக்கை ஒன்றும் கூடவே பரவியது.

தனி ஆட்டமாக வந்தவற்றுள் நோர்வே நாட்டு ஃபன்காம் நிறுவனத்தின் டேஸ் பிஃபோர் கிறிஸ்துமஸ் (1994) குறிப்பிடத்தக்கது. கிறிஸ்துமஸ் தாத்தாவே இதன் நாயகர். ஒரு கோப்பை காபி குடித்தால் அவர் கொம்பு முளைத்த நீல நிற எதிர்த்தாத்தாவாக மாறிவிடுவார். இதன் சேகா மெகா டிரைவ் பதிப்பு ஆஸ்திரேலியாவில் மட்டுமே வெளியானது. பனி நிறைந்த இவ்வாட்டம் கோடை வெயில் கொளுத்தும் திசம்பரில் அங்கு விற்கப்பட்டது ஒரு வேடிக்கையே.

கிறிஸ்துமஸ் நைட்ஸ்

பண்டிகைப் பதிப்புகளுள் இரசிகர்களால் மிகவும் போற்றப்படுவது கிறிஸ்துமஸ் நைட்ஸ் ஆகும். சேகா நிறுவனத்தின் சோனிக் குழு உருவாக்கிய நைட்ஸ் இன்டு டிரீம்ஸ் என்னும் ஆட்டம் 1996 சூலையில் சேகா சேட்டர்ன் கருவிக்காக வெளிவந்தது. யூஜி நாகா அதன் தயாரிப்பாளர். நாவோடோ ஓசிமா இயக்குநர். எலியட், கிளாரிஸ் என்னும் இரு சிறுவர்கள் உறக்கத்தில் நைட்டோபியா என்னும் கனவுலகை அடைந்து, கோமாளி உடையணிந்த நைட்ஸ் என்னும் உருவத்துடன் இணைந்து வானில் பறப்பதே இவ்வாட்டம். பறத்தலின் வேகமும் வளைவும் விளையாடுபவரின் கையில் அப்படியே உணரப்படுவது இதன் தனிச்சிறப்பு.

மூல ஆட்டம் முடிந்த கையோடு சோனிக் குழு இதன் பண்டிகைப் பதிப்பைச் சில மாதங்களில் உருவாக்கியது. 1996 இறுதியில் வெளியான இந்த வட்டு சப்பானில் சேட்டர்ன் கருவியுடன் சேர்த்து வழங்கப்பட்டது. பிற நாடுகளில் டேடோனா யூ.எஸ்.ஏ. போன்ற ஆட்டங்களை வாங்குவோருக்கும், சில ஆட்ட இதழ்களை வாங்குவோருக்கும் இலவசமாகக் கிடைத்தது.

இதன் கதை மிக எளியது. கனவுலக நிகழ்வுகளுக்குப் பின் எலியட்டும் கிளாரிஸும் தமது ஊரில் கிறிஸ்துமசைக் கொண்டாடுகின்றனர். எல்லாம் இருந்தும் ஏதோ ஒன்று குறைவதாக இருவருக்கும் தோன்றுகிறது. ஊரின் பெரிய மரத்து உச்சியில் இருக்க வேண்டிய விண்மீன் அங்கு இல்லை. அதைத் தேடி அவர்கள் மீண்டும் நைட்டோபியா செல்கின்றனர். விளையாடக் கிடைப்பது மூல ஆட்டத்தின் இளவேனில் பள்ளத்தாக்கு என்னும் ஒரே இடம்தான். எனினும் அதனுள் இக்குழு ஒளித்து வைத்தவை ஏராளம்.

சேட்டர்ன் கருவியினுள் ஒரு கடிகாரம் உண்டு. இந்த வட்டு இயங்கத் தொடங்கும்போது அக்கடிகாரத்தின் தேதியைப் படிக்கும். குளிர்காலத்தில் பள்ளத்தாக்கின் பசுமை பனியால் மூடப்படும். திசம்பர் மாதமாயின் பொருட்கள் இருக்கும் பெட்டிகள் பரிசுப் பொதிகளாக மாறும்; கனவுலகச் சிற்றுயிர்கள் குள்ள உதவியாளர் உடை அணியும்; வழக்கமான இசைக்குப் பதிலாக ஜிங்கிள் பெல்ஸ் மெட்டு ஒலிக்கும். புத்தாண்டு நாளில் வேறு மாற்றங்கள் உண்டு. ஏப்ரல் முதல் நாள் வட்டை இட்டால் நைட்ஸுக்குப் பதிலாக அதன் எதிரியான ரியாலா விளையாடக் கிடைக்கும். ஆண்டின் பிற நாட்களில் இட்டால், இது ஒரு சாதாரண முன்னோட்ட வட்டு போலவே இருக்கும்.

ஆட்டத்தை மீண்டும் மீண்டும் விளையாடுவோருக்குப் பரிசுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். அவற்றுள் ஒன்று, சேகாவின் அடையாளமான சோனிக் முள்ளெலியாக அதே பள்ளத்தாக்கில் தரையில் ஓடும் சிறு ஆட்டம். அதன் முடிவில் பலூன் போல் ஊதிப் பெருத்த டாக்டர் ரோபோட்னிக்கை வெல்ல வேண்டும். சேட்டர்னுக்கென ஓடித் தாவும் வகையிலான ஒரு முழுமையான முப்பரிமாண சோனிக் ஆட்டம் வெளிவரவே இல்லை. எனவே இந்த இலவச வட்டின் மூலையில் கிடைத்த சில நிமிடங்களே அக்கருவியின் சொந்தக்காரர்களுக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தந்தன. கருவி விற்பனையில் சோனியின் பிளேஸ்டேசனிடம் சேகா தோற்றுக் கொண்டிருந்த ஆண்டுகளில், காசு வாங்காமல் இத்தனை உழைப்பை ஒரு வட்டில் இட்டதே இதனை இரசிகர்கள் மறக்காமைக்குக் காரணம் எனலாம். 2012 இல் நைட்ஸ் ஆட்டம் உயர் தெளிவுப் பதிப்பாக மறுவெளியீடு கண்டபோது இப்பண்டிகைப் பகுதியும் அதனுள் சேர்க்கப்பட்டது.

கடிகாரமும் நாட்காட்டியும்

நாட்காட்டியைப் பின்பற்றும் ஆட்டங்களுக்கு அடிப்படையாக இருப்பது நிகழ்நேரக் கடிகாரம் என்னும் சிறிய மின்சுற்று. கைக்கடிகாரத்தில் உள்ளதைப் போன்ற ஒரு படிகக் கல் நொடிக்கு 32,768 முறை அதிரும். இந்த எண் இரண்டின் பதினைந்தாம் அடுக்கு ஆகும். எனவே அதிர்வை இரண்டால் பதினைந்து முறை வகுத்தால் சரியாக ஒரு நொடிக்கு ஒரு துடிப்புக் கிடைக்கும். கருவி அணைக்கப்பட்டிருக்கும்போதும் காசு அளவுள்ள இலித்தியம் மின்கலம் ஒன்று இச்சுற்றை இயக்கிக் கொண்டிருக்கும்.

இம்மின்கலம் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். சேட்டர்னில் அது தீர்ந்தால், ஒவ்வொரு முறை கருவியை இயக்கும்போதும் தேதியைக் கேட்கும். உள்நினைவகத்தில் சேமித்த ஆட்டங்களும் அழிந்து போகும். நின்டெண்டோவின் போக்கிமான் கோல்ட், சில்வர் (1999) ஆட்டங்களில் கடிகாரம் பேழைக்குள்ளேயே இருந்தது. கிழமைக்கேற்பவும் பகல் இரவுக்கேற்பவும் வெவ்வேறு உயிரிகள் தோன்றியது அக்காலச் சிறுவர்களை வியக்க வைத்தது. பரிசு மூட்டை சுமக்கும் டெலிபேர்ட் என்னும் கிறிஸ்துமஸ் தாத்தா சாயல் கொண்ட பறவையும் இப்பதிப்புகளிலேயே அறிமுகமாயிற்று. இங்கும் கடிகாரத்தின் மின்கலமே சேமிப்பையும் காத்ததால், இப்பேழைகள் பலவற்றில் இன்று பழைய சேமிப்புகள் இல்லை. அடுத்து வந்த ரூபி, சஃபையர் பதிப்புகளில் சேமிப்பு வேறு வகை நினைவகத்திற்கு மாற்றப்பட்டுக் காப்பாற்றப்பட்டது. ஆனால் அவற்றின் நிரலில் இருந்த பிழையால், ஓராண்டு கழிந்ததும் நாள் கணக்கு உறைந்து நின்றுவிட்டது. நட்ட செடிகள் வளரவில்லை. பின்னர் திருத்தும் நிரலை வழங்க வேண்டியதாயிற்று.

நாட்காட்டியை ஆட்டத்தின் உயிராகவே கொண்டது அனிமல் கிராசிங் தொடர். 2001 ஏப்ரலில் சப்பானில் நின்டெண்டோ 64 கருவிக்காக இதன் முதல் பதிப்பு வெளிவந்தது. விலங்குகள் வாழும் ஒரு சிற்றூரில் குடியேறி, மரம் நட்டு, மீன் பிடித்து, அண்டை அயலாருடன் பழகுவதே இவ்வாட்டம். வெல்வதோ தோற்பதோ கிடையாது. வெளியுலகில் மாலை என்றால் ஊரிலும் மாலை. பண்டிகை நாட்களில் மட்டும் சில விருந்தினர்கள் வருவர். பொம்மை நாள் எனப்படும் திசம்பர் 24 அன்று ஜிங்கிள் என்னும் கலைமான் வரும். ஹாலோவீன் இரவில் பூசணித் தலையுடன் ஜாக் வருவார். நவம்பர் விருந்து நாளில் வரும் வான்கோழியான ஃபிராங்க்ளின், தன்னையே சமைத்துவிடுவார்களோ என்று அஞ்சி ஒளிந்து கொள்ளும்.

இதை அமெரிக்காவிற்கு மொழிபெயர்க்கும்போது நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளை விழாக்களையும் சேர்த்தே மாற்றியது. அம்மாற்றங்கள் சப்பானியத் தயாரிப்பாளர்களுக்குப் பிடித்துப் போகவே, அவற்றை உள்வாங்கி 2003 இல் சப்பானில் புதிய பதிப்பு ஒன்று வெளியிடப்பட்டது. மொழிபெயர்ப்பு மூலத்தைத் திருத்திய அரிய நிகழ்வு இது.

கடிகாரத்தை முன்னும் பின்னும் நகர்த்திப் பண்டிகையை முன்கூட்டியே வரவழைப்பதை இரசிகர்கள் காலப் பயணம் என்பர். அது ஏமாற்று வேலையா அன்றி விளையாடுபவரின் உரிமையா என்னும் விவாதம் இத்தொடர் தோன்றிய நாள் முதல் ஓயவில்லை. ஆட்டமும் தன் பங்கிற்குச் சில தண்டனைகளை வைத்துள்ளது. நாளைப் பின்னோக்கி நகர்த்தினால், இலாபத்திற்கு விற்கலாம் என்று வாங்கி வைத்த சிவப்பு முள்ளங்கி போன்ற கிழங்குகள் அழுகிவிடும். 2020 மார்ச் 20 இல் வெளிவந்த நியூ ஹொரைசன்ஸ் பதிப்பில் பெரும்பாலான விழாக்கள் இணைய இற்றைப்படுத்தல் மூலம் பின்னர் சேர்க்கப்பட்டன. கொரோனாப் பெருந்தொற்று முடக்கத்தினால் உலகின் பல நாடுகளில் மக்கள் வீட்டிலேயே அடைபட்டிருந்த வாரங்கள் அவை. அவ்வாண்டு ஈஸ்டர் சமயத்தில் நடந்த முயல் நாள் விழாவில், மீன் பிடித்தாலும் மரத்தை உலுக்கினாலும் வண்ண முட்டைகளே கிடைத்ததால் விளையாடியோர் சலித்துப் போயினர். அவற்றின் எண்ணிக்கையைக் குறைக்க இடையிலேயே ஓர் இற்றை வெளியிடப்பட்டது. நேரில் சந்திக்க இயலாதவர்கள் பிறந்தநாளையும் திருமணத்தையும் இந்த ஆட்டத் தீவுகளில் கூடிக் கொண்டாடிய செய்திகளும் அக்காலத்தவையே.

பண்டிகை நாளில் நிகழும் கதைகள்

கதைக்களமாக மட்டும் பண்டிகையைக் கொண்ட ஆட்டங்கள் பெரும்பாலும் மகிழ்ச்சிக்கு எதிரான மனநிலையைக் காட்டவே அதனைப் பயன்படுத்தியுள்ளன. ஸ்கொயர் நிறுவனத்தின் பாரசைட் ஈவ் (1998), 1997 திசம்பர் 24 அன்று நியூயார்க்கின் கார்னெகி அரங்கில் பார்வையாளர்கள் தீப்பற்றி எரிவதில் தொடங்குகிறது. ஹிதேயோ கோஜிமாவின் மெட்டல் கியர் 2 (1990) 1999 ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் நிகழ்வது. பேட்மேன்: ஆர்க்கம் ஒரிஜின்ஸ் (2013) கிறிஸ்துமசுக்கு முந்தைய இரவில் ஆளரவமற்ற நகரத் தெருக்களைக் காட்டுகிறது. மாறாக, ஸ்பைடர்மேன்: மைல்ஸ் மொராலஸ் (2020) ஆட்டத்தில் பனி மூடிய ஹார்லெம் பகுதியும் குடும்ப விருந்தும் இதமாகவே அமைந்துள்ளன.

டிரீம்காஸ்ட் கருவிக்காக 1999 திசம்பரில் வெளிவந்த சென்மூவைத் தனியே குறிப்பிட வேண்டும். 1986 நவம்பர் 29 இல் தந்தை கொல்லப்படுவதில் தொடங்கும் இக்கதை யோகோசுகா நகரில் நாள் நாளாக நகர்கிறது. திசம்பர் வந்ததும் கடைத்தெருவில் கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்டவர் நடமாடுவார். 1986 இல் அந்நகரில் பதிவான வானிலைத் தரவுகளின்படியே ஆட்டத்தில் பனியும் மழையும் பெய்யச் செய்யும் வசதியும் உண்டு. தந்தையை இழந்த இளைஞன் ஒருவன் ஊரே அலங்கரிக்கப்பட்டிருக்கும் தெருவில் கொலையாளியைப் பற்றி விசாரித்துக் கொண்டு நடப்பதை எந்த உரையாடலும் விளக்குவதில்லை. நாட்காட்டியே அவ்வேலையைச் செய்துவிடுகிறது.

பெர்சோனா தொடரில் திசம்பர் 24 காதலர் சந்திக்கும் நாளாக வருவது பிற நாட்டவருக்குப் புதிராகத் தோன்றலாம். சப்பானில் அந்த மாலை குடும்ப விழாவாக அன்றி இணையர்களுக்கு உரியதாகவே கொள்ளப்படுகிறது.

ஹாலோவீன் ஆட்டங்களுள் டபுள் ஃபைன் நிறுவனத்தின் காஸ்டியூம் குவெஸ்ட் (2010) சிறந்தது. வீடு வீடாக மிட்டாய் கேட்கச் செல்லும் சிறுவர்களின் அட்டைப்பெட்டி வேடங்கள், சண்டை வந்ததும் உண்மையான இராட்சத உருவங்களாக மாறும்.

இணையவழி ஆட்டங்களின் விழாக்கள்

பல்லாயிரம் பேர் ஒரே உலகில் கூடும் இணையவழி ஆட்டங்களில் பண்டிகை என்பது உண்மையிலேயே ஊர்த் திருவிழாவாக மாறியது. 2004 நவம்பரில் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், அடுத்த மாதமே குளிர்த்திரை விருந்து என்னும் விழாவை நடத்தியது. தலைநகரங்களில் பெரிய மரம் நடப்படும். திசம்பர் 25 அன்று அதன் அடியில் பரிசுகள் இருக்கும். இவ்விழாவைச் சுமோக்கிவுட் பாஸ்சர்ஸ் என்னும் கற்பனை வணிக நிறுவனம் நடத்துவதாக ஆட்டத்திலேயே காட்டியிருப்பது பண்டிகை வணிகத்தைப் பற்றிய நல்ல கேலி. ஆண்டின் எல்லா விழாக்களிலும் கலந்துகொண்டு பணிகளை முடித்தோருக்கு ஊதா நிறப் பறக்கும் நாகம் ஒன்று 2008 முதல் வழங்கப்பட்டது. அதற்காக ஓராண்டு முழுவதும் நாட்காட்டியைப் பார்த்துக் காத்திருந்தோர் பலர்.

இவ்வாட்டங்கள் பெரும்பாலும் கிறிஸ்துமஸ் என்ற பெயரைத் தவிர்க்கின்றன. குளிர்த்திரை, விண்மீனொளி விழா, பொம்மை நாள் எனப் புதுப் பெயர்கள் சூட்டப்படுகின்றன. கற்பனை உலகில் கிறித்தவ சமயம் இல்லை என்பது கதை வழியான காரணம். எல்லா நாடுகளிலும் விற்க வேண்டும் என்பது மற்றொன்று.

டீம் ஃபோர்ட்ரஸ் 2 ஆட்டம் 2009 முதல் ஹாலோவீன் நிகழ்வுகளை நடத்தி வருகிறது. அவ்விழாவிற்கென வழங்கப்பட்ட சில தொப்பிகளும் உடைகளும் ஹாலோவீன் காலத்திலும் முழுநிலவு நாட்களிலும் மட்டுமே அணியக்கூடியவை. எனவே பௌர்ணமி எப்போது என்று பார்க்கும் வழக்கம் அவ்வாட்டத்தின் இரசிகர்களிடம் உண்டு. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ ஆன்லைன் 2013 கிறிஸ்துமசில், பனியே காணாத லாஸ் ஏஞ்சலஸை ஒத்த தனது நகரில் பனிபொழிய வைத்தது. அன்று துப்பாக்கிகளை விட்டுவிட்டுப் பனியுருண்டை எறிந்து விளையாடினர் பலர்.

இந்தியப் பண்டிகைகள் பன்னாட்டு ஆட்டத் தொடர்களில் இடம்பெறுவது அண்மைக்காலப் போக்கு. போக்கிமான் கோ கைபேசி ஆட்டம் 2021 நவம்பரில் தீபாவளியை ஒட்டி ஒளித் திருவிழா என்னும் நிகழ்வை உலகம் முழுவதும் நடத்தியது.

விமர்சனங்கள்

குறிப்பிட்ட நாட்களில் மட்டும் கிடைக்கும் என்பதே இவ்விழாக்களின் கவர்ச்சி. அதுவே அவற்றின் மீதான முதன்மைக் குற்றச்சாட்டும் ஆகும். ஓவர்வாட்ச் ஆட்டத்தில் 2016 ஆகத்தில் நடந்த கோடை விழாவின் உடைகளை அதிர்ஷ்டப் பெட்டிகள் மூலம் மட்டுமே பெற முடிந்தது. பெட்டியில் என்ன இருக்கும் என்பது திறந்த பின்னரே தெரியும். மூன்று வாரத்தில் விழா முடிந்துவிடும். ஆட்டத்தில் ஈட்டிய நாணயத்தைக் கொடுத்து விரும்பியதை நேரடியாக வாங்கவும் இயலவில்லை. எதிர்ப்பு வலுத்ததால் பின்னர் இவ்விதி தளர்த்தப்பட்டது. 2018 ஏப்ரலில் பெல்ஜிய சூதாட்ட ஆணையம், ஓவர்வாட்ச் உட்படச் சில ஆட்டங்களின் பணம் கொடுத்து வாங்கும் பெட்டிகள் அந்நாட்டுச் சட்டப்படி சூதாட்டமே என்று அறிவித்தது. அவ்வாண்டே அங்கு அவற்றின் விற்பனை நிறுத்தப்பட்டது. இலவச வட்டாகத் தொடங்கிய ஒரு மரபு, சிறுவரைக் குறிவைக்கும் கெடு தேதி வணிகமாக மாறியதையே இவ்வழக்கு காட்டுகிறது.

இணையத்தைச் சார்ந்திருப்பதன் மற்றொரு இடர் 2014 திசம்பர் 25 அன்று வெளிப்பட்டது. பரிசாகப் பெற்ற புதிய கருவிகளை இலட்சக்கணக்கானோர் இணைக்க முயன்ற அதே நாளில், லிசர்ட் ஸ்குவாட் என்னும் குழு பிளேஸ்டேசன் நெட்வொர்க், எக்ஸ் பாக்ஸ் லைவ் ஆகிய இரு சேவைகளையும் சேவை மறுப்புத் தாக்குதலால் முடக்கியது. தாக்குதல் என்றாலும் இதில் தகவல் எதையும் உடைத்துத் திறக்க வேண்டியதில்லை. வழங்கிகள் ஏற்க இயலாத அளவிற்குப் போலி வேண்டுகோள்களை அனுப்பினாலே போதும். ஏற்கனவே நெரிசல் மிகுந்த நாளில் அதற்குக் குறைந்த முயற்சியே தேவைப்படும். சோனி தனது சந்தாதாரர்களுக்கு ஐந்து நாட்கள் கூடுதலாக வழங்கி ஈடு செய்தது.

பாதுகாத்தல்

ஒரு பண்டிகைப் பகுதி எங்கே சேமிக்கப்பட்டிருந்தது என்பதே அது இன்று கிடைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. 1996 இன் கிறிஸ்துமஸ் நைட்ஸ் முழுவதும் வட்டிலேயே உள்ளது. மின்கலத்தை மாற்றித் தேதியைத் திசம்பருக்கு நகர்த்தினால் அது இன்றும் பனி பெய்யும். இரண்டே ஆண்டுகளுக்குப் பின் வந்த சோனிக் அட்வென்சரின் கிறிஸ்துமஸ் மரங்களோ, 1998 திசம்பரில் சேகாவின் வழங்கியிலிருந்து நினைவக அட்டைக்குப் பதிவிறக்க வேண்டியவையாக இருந்தன. டிரீம்காஸ்ட் கருவியின் உற்பத்தி 2001 இல் நின்றது; அதன் இணையச் சேவைகளும் பின்னர் நின்றன. அக்கோப்புகள் இன்று கிடைப்பது, அப்போது பதிவிறக்கிப் பாதுகாத்து வைத்த இரசிகர்களால்தான்.

பின்னர் வந்தவற்றின் நிலை இன்னும் கடினமானது. நின்டெண்டோ தனது டி.எஸ்., வீ கருவிகளுக்கான இணைய இணைப்பை 2014 மே மாதத்தில் நிறுத்தியது. 3டி.எஸ்., வீ யூ ஆகியவற்றின் இணையவழி ஆட்டச் சேவை 2024 ஏப்ரலில் நின்றது. 3டி.எஸ். கருவியின் அனிமல் கிராசிங் பேழையில் ஜிங்கிள் கலைமான் இன்றும் திசம்பர் 24 அன்று தவறாமல் வருகிறது; இணையம் வழி வழங்கப்பட்ட சிறப்புப் பரிசுகள் மட்டும் வருவதில்லை. ஓவர்வாட்ச் முதல் ஆட்டம் 2022 அக்டோபரில் அடுத்த ஆட்டத்தால் மாற்றீடு செய்யப்பட்டது. 2016 ஆம் ஆண்டுக் குளிர்கால விழாவை அன்று இருந்தவாறே விளையாட இப்போது அதிகாரப்பூர்வ வழி இல்லை. எஞ்சியிருப்பவை நிகழ்படப் பதிவுகளே.

அமெரிக்காவின் நிகழ்பட ஆட்ட வரலாற்று அறக்கட்டளை 2023 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 2010 க்கு முன் அந்நாட்டில் வெளியான ஆட்டங்களுள் ஏறத்தாழ 87 விழுக்காடு இப்போது விற்பனையில் இல்லை என்று தெரிவிக்கிறது. இக்கணக்கு முழு ஆட்டங்களைப் பற்றியது. சில வாரங்கள் மட்டும் தோன்றி மறைந்த விழாப் பகுதிகள் இதில் தனியே எண்ணப்படவில்லை.

இரசிகர்கள் எழுதும் போன்மி நிரல்கள் பழைய கருவிகளின் கடிகாரத்தையும் சேர்த்தே பாவனை செய்கின்றன. அவற்றில் பலவும் தாம் இயங்கும் கணினியின் தேதியையே எடுத்துக்கொள்வதால், மின்கலம் தீர்ந்து போகும் தொல்லை இல்லை. சேட்டர்னைக் கண்ணால் பாராத தலைமுறையினரும் திசம்பர் மாதத்தில் அந்த வட்டின் பிரதியை இயக்கி, பெட்டிகள் பரிசுப் பொதிகளாக மாறியிருப்பதைக் காண்கின்றனர்.